ட்ரக்டர் எதுவரை வரும்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நோன்பு பிடிக்க இரண்டு கிழமைகூட இல்லை. அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேசி முடிவெடுத்தோம். அதனால்தான் பதிவு முழுக்க ‘நாங்கள்’ என்று வருகிறது. தட்டச்சு செய்தது ஒரு கை, பேச்சு நாலைந்து பேருடையது.

சென்ற மாதம் ஏழாம் தரத்தில் குப்பை பற்றிய பாடம் நடந்தது. கரும்பலகையில் நான்கு வாளி வரைந்தோம். உக்கும் குப்பைக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. பிள்ளைகள் அழகாக நிறம் தீட்டினார்கள். எதை எதில் போடுவது என்று கேட்டால் ஒரு பிழை இல்லாமல் சொன்னார்கள். பரீட்சையில் வந்தால் எல்லோருக்கும் முழுப்புள்ளிதான். அந்த நேரம் தோட்டத்திலிருந்து நடந்து வரும் மகள் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“சேர், பிரிச்சு வச்சா அத யாரு வந்து எடுப்பா? எங்க லயத்துக்கு ட்ரக்டர் வராதுங்களே.”

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. புத்தகம் எழுதியவர்கள் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு ட்ரக்டர் வந்து நிற்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு வகுப்பையே கேட்டோம். வீட்டுக் குப்பை எங்கே போகிறது? ரோட்டோரத்துப் பிள்ளைகள், உம்மா பேக்கில் கட்டி வாசலில் வைப்பார், முதலில் நாய் வரும், அப்புறம் ட்ரக்டர் வரும் என்றார்கள். லயத்துப் பிள்ளைகளின் பதில் மூன்றே மூன்று. எரிப்போம். கானில் போடுவோம். ஆத்துல போடுவோம். தம்பிப் பாப்பாவின் பம்பஸை என்ன செய்வீர்கள் என்றதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் மெதுவாக, “ராவுல ஆத்துல, சேர்” என்றான்.

அந்த ஆறு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். நம் மலைகளின் ஓடைகள் பதுளு ஓயாவில் விழுகின்றன. பதுளு ஓயா பதுளை டவுனுக்குள் போகிறது. பிறகு துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போய், முன்னால் நிறுத்தி படம் எடுக்கிறோமே, அதே துன்ஹிந்த.

இதை எழுதும்போது தோட்டத்துச் சனத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடசாலையில் நாங்களும் இதையேதான் செய்துகொண்டிருந்தோம். சத்துணவுக் கழிவு, பிய்ந்த கொப்பி, யோகட் கோப்பை எல்லாவற்றையும் பின்பக்கத்தில் குவித்து வெள்ளிக்கிழமை பின்நேரம் கொளுத்துவோம். பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டம்பரிலிருந்து சட்டப்படி தடை. அந்தச் சட்டம் வந்த வருடம் பாடசாலைச் சுவரில் சுவரொட்டிகூட ஒட்டினோம். சுவரொட்டிக்குப் பின்னால் புகை போய்க்கொண்டிருந்தது. இழுப்பு உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே செய்தோம். அதற்கு அல்லாஹ்விடமும் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடமும் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

‘பூச்சியக் கழிவு’ என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. 2025 ஜனவரி 1 அன்று ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ தொடங்கியது முதல் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் நம் நாட்டில் குப்பைக் கொள்கை என்றால் இதுவரை பெரும்பாலும் தடைப் பட்டியல்தான். 2017இல் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும். 2021இல் சின்னச் சின்ன சஷே பைக்கற்றுகளும் பிளாஸ்டிக் தண்டுள்ள காது குச்சியும். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை. 2025 நவம்பர் 1 முதல் கடையில் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. கடைசியாக வந்ததில் ஓரளவு பலன் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். காசு கேட்கிறார்கள் என்றதும் சாக்குப் பையும் சீமெந்து பேக்கில் தைத்த பையும் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டன. காசு பேசினால் நாம் கேட்போம் போல.

தடை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தடை கடையோடு நிற்கிறது. வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட குப்பை எந்தப் பாதையால் வெளியே போகும் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. ஆயத்தம் இல்லாத கட்டளை என்ன செய்யும் என்று நம் மலைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, எல்லோரும் சேதனப் பசளைக்கு மாறுங்கள் என்றார்கள். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி செய்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள், அதற்குள் போகம் போய்விட்டது. அன்று நாடே கொம்போஸ்ட் தேடி அலைந்தது. கொம்போஸ்ட் ஆகியிருக்க வேண்டிய சாமான் எல்லாம் நாடு முழுக்கக் குப்பை மேடுகளில் பொலித்தீனோடு கலந்து நாறிக்கொண்டிருந்தது.

இலங்கையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,000 தொன் குப்பை சேர்கிறது என்பார்கள். உள்ளூராட்சிச் சபைகள் அள்ளுவது அதில் பாதியளவுதான். மொத்தத்தில் பாதிக்கு மேல், அறுபது வீதம் வரை, உக்கும் சாமான். மரக்கறித் தோல், சோறு, தேயிலைச் சக்கை, இலை தழை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். ட்ரக்டர் மலை ஏறி வந்து டீசல் எரித்துக் கீழே கொண்டுபோவதில் பாதிக்கு மேல் ஈரமும் தண்ணீரும். நாற்றமும் ஈயும் நாயும் பன்றியும் எல்லாம் அந்த ஈரத்தைத் தேடித்தான் வருகின்றன.

கொழும்பு மீதொட்டமுல்ல குப்பை மேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பின்நேரம் வீடுகள் மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சனம் அதற்கு முன் எத்தனையோ தடவை ரோட்டில் இறங்கிக் கத்தியிருந்தது. பிறகு கொழும்புக் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். 2018இல் புத்தளம் மக்கள் மாதக் கணக்கில் எதிர்த்து நின்றார்கள். அந்தப் படங்களை நாமும் இங்கே முகநூலில் பகிர்ந்தோம். “யாருடைய குப்பையை யார் தலையில் கொட்டுவது” என்று எழுதினோம். அப்படி எழுதிய எங்களில் சிலருடைய வீட்டுக் குப்பை அதே கிழமை வீட்டுக்குப் பின்னால் சரிவில் விழுந்தது. சரிவுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று அன்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. டவுனிலும் ரோட்டோரத்திலும் இருக்கும் நாம் மேலே இருக்கிறோம், லயம் கீழே இருக்கிறது. நம் புத்தளம் அங்கேதான் இருக்கிறது.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போனது. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் பதுளை மாவட்டம் அதிகம் இழந்த மாவட்டங்களில் ஒன்று. மலை சரிவதற்கு மழையும் மண்ணும் காரணம், குப்பைதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது பொய். ஆனால் அந்த இரவுகளில் லயத்துக்கு மேலே உள்ள கான் அடைத்து, தண்ணீர் பாதை மாறிக் காம்பராவுக்குள் வந்த கதையைப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அடுத்த நாள் மண்வெட்டியோடு போனவர்கள் கானிலிருந்து இழுத்தெடுத்தது மண் மட்டும் இல்லை. பேக், போத்தல், பம்பஸ், கிழிந்த பாய். சரிவில் குடியிருப்பவர்கள் தண்ணீர் ஓடும் வழியை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மழைக்கு மழை சொல்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையைப் பார்த்த மாவட்டம் நாம். கானை அடைத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துத் துஆக் கேட்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு, வீதியைத் துப்புரவாக்குவதும் வீட்டுக் குப்பையை அகற்றுவதும் சபையின் கடமை என்கிறது. 94ஆம் பிரிவு இன்னும் சுவையானது. சேர்க்கப்படும் குப்பை சபையின் சொத்தாம். மலைநாட்டில் அந்தச் சொத்தைப் பொறுப்பெடுக்கத்தான் பல இடங்களில் ஆள் வருவதில்லை.

தோட்டத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு நீண்ட காலம் ஒரு பதில் இருந்தது. தோட்டம் கம்பெனியின் பொறுப்பில் உள்ள நிலம், பிரதேச சபை தன் பணத்தை அங்கே செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை. 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்தப் பதில் 2018 வரைதான் செல்லும். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை சேவை செய்யலாம். மலையகத்துப் பிரதிநிதிகள் பல வருடம் கேட்டுப் பெற்ற திருத்தம் அது. திறந்து ஏழு வருடத்துக்கு மேலாகிறது. கதவு திறந்த செய்தி ட்ரக்டருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

“அவர்கள் சோலைவரி கட்டுவதில்லையே” என்று ஒருவர் கொமன்ட் போடுவார், அது நிச்சயம். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் குடியிருக்கும் காம்பராவுக்கு அவர்களிடம் உறுதிப் பத்திரமே இல்லை. இல்லாத சொத்துக்கு வரி கேட்பது எந்த நியாயம்? மாவிலும் சீனியிலும் போன் ரீலோடிலும் அவர்கள் கட்டும் வரியைத் தனியாக எண்ணிப் பார்ப்பவர் யாரும் இல்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டுப் போனவர்கள் லயத்துப் பாதை மோசம் என்று திரும்பிவிடவும் இல்லை.

சபைப் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மலைநாட்டுச் சபைகளுக்கு ட்ரக்டர் குறைவு, ஆள் குறைவு. கொட்ட இடம் இல்லை. குப்பை அள்ளும் ஊழியர்கள் கையுறை இல்லாமல் நம் வீட்டு உடைந்த கண்ணாடியை அள்ளுகிறார்கள். ஏற்கெனவே நிரம்பிய வண்டியைக் கொண்டு இன்னும் இருபது லயத்துக்குப் போ என்றால் அது நடக்காது. அதனால்தான் உக்கும் குப்பையை முதலில் பேசினோம். அது மலையை விட்டு இறங்கவே கூடாது. எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணுக்கே போகட்டும். அப்படிப் போனால் மிஞ்சும் உலர்ந்த குப்பைக்கு நாற்றம் இல்லை, அவசரமும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, குறித்த ஒரு நாளில், பிரட்டுக்களத்துக்கோ கொழுந்து மடுவத்துக்கோ ட்ரக்டர் வந்தால் போதும். ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் ஏற வேண்டியதில்லை. பாதை இல்லை என்ற பேச்சை நாங்கள் ஏற்க மாட்டோம். கொழுந்து லொறி அங்கே தினமும் போய் வருகிறது. (கொழுந்து லொறியிலேயே குப்பையையும் ஏற்றலாமே என்று யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள். அது நாம் குடிக்கும் தேயிலை.)

இது கனவு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஊர்க்கதை.

பலாங்கொடை நமக்குத் தூரம் இல்லை. அந்த நகர சபை பல வருடமாக உக்கும் குப்பையைக் கொம்போஸ்ட் ஆக்கி விற்கிறது. 2008இல் அரசாங்கம் தொடங்கிய ‘பிலிசரு’ திட்டத்தில் நாடெங்கும் கொம்போஸ்ட் நிலையங்கள் கட்டினார்கள். பல இடங்களில் அவை பெயருக்குத்தான் இருக்கின்றன, பலாங்கொடை பேசப்படும் ஊராக நின்றது. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. கலந்து வரும் குப்பையிலிருந்து வரும் கொம்போஸ்டில் கண்ணாடித் துண்டும் பற்றரித் துகளும் இருக்கும். அதை எந்த மரக்கறிக்காரரும் காசு கொடுத்து வாங்க மாட்டார். வீட்டிலேயே பிரித்தால்தான் பசளை விற்கும்.

மற்றது கேரளத்து ஆலப்புழை. நகரத்துக் குப்பையை எல்லாம் பக்கத்துச் சர்வோதயபுரம் கிராமத்தில் கொட்டிவந்தார்கள். ஒரு கட்டத்தில் கிராமத்துச் சனம் லொறியை மறித்துவிட்டது. குப்பை டவுனிலேயே தேங்கியது. 2012இல் நகரசபை, வேறு இடம் தேடுவதை விட்டுவிட்டு வீடுகளுக்குக் கொம்போஸ்ட் குழாயும் சமையல் வாயுக் கலனும் மானிய விலையில் கொடுத்தது. குழாய் என்றால் பெரிய வித்தை இல்லை. இரண்டு பிவிசி குழாயை மண்ணில் நட்டு, ஒன்று நிரம்பினால் மற்றதில் போடுவது. முடியாத வீடுகளுக்கு முடக்கில் பொதுத் தொட்டி. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் அந்த ஊரை உலகுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. நாங்கள் பார்க்கும் விஷயம் வேறு. முதலில் குழாயைக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ‘பிரி’ என்றார்கள். நம் ஊரில் முதலில் ‘பிரி’ என்கிறோம், குழாய் வருவதே இல்லை.

ஜப்பானில் கமிகட்சு என்ற மலைக் கிராமம் 2003இல் பூச்சியக் கழிவு என்று அறிவித்து, இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. அதைப் பற்றி வகுப்பில் சொன்னோம். பிள்ளைகள் மலைத்துப்போனார்கள். நமக்கு இரண்டு வகை போதும். உக்கும், உக்காது.

நீலகிரிக் கதை ஒன்றும் உண்டு. நம் மலைகளிலிருந்து சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருக்கின்றன, அதனால் சொல்கிறோம். 2022 மே மாதத்திலிருந்து அங்கே மதுக்கடையில் போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்கிக்கொண்டு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. பெரும்பாலான போத்தல் திரும்பி வந்துவிட்டது. சாராயக் கடையை நாங்கள் உதாரணம் காட்டுகிறோமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உடைந்த போத்தலில் கால் கிழிவது கொழுந்து பறிக்கும் தாய்க்கு, குடித்தவனுக்கு இல்லை. நம் வாப்பாமார் காலத்தில் சோடா போத்தலுக்குக் காசு கட்டி, திருப்பிக் கொடுத்து வாங்கினோமே, அதே முறைதான்.

வாப்பாமார் காலம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய இரும்பு, போத்தல், பேப்பர் என்று கூவிக்கொண்டு சாக்கோடு லயம் லயமாக ஏறி இறங்கிய நானாமாரை நம்மில் பலர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம். “படிக்காட்டி போத்தல் பொறுக்கத்தான் போகணும்” என்று வகுப்பில் சொன்ன ஆசிரியர்களும் எங்களில் உண்டு. எந்தச் சபையும் போகாத லயத்துக்கு அவர் போனார். பிரித்து வைத்ததைக் காசு கொடுத்து எடுத்தார். அந்த மகளின் கேள்விக்கு இந்த மலையில் இதுவரை கிடைத்த ஒரே பதில் அந்த நானாதான். சபை திட்டம் போடும்போது இவர்களைத் தள்ளிவிட்டுக் கொந்தராத்து கொடுக்காமல், அடையாள அட்டையும் ஒரு கொட்டகையும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சபையைக் கேட்பதற்கு முன் நம் முற்றத்தைப் பார்ப்போம். நோன்பு வருகிறது. முன்பெல்லாம் அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு பள்ளிக்குப் போய் வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வருவார்கள். பள்ளிக்குள் நோன்பு திறப்பவர்களுக்குக் கோப்பை இருந்தது, கழுவிக் கவிழ்த்து வைப்போம். இப்போது பல இடத்தில் கஞ்சி பிளாஸ்டிக் கோப்பையில், சிற்றுண்டி பேக்கில், தண்ணீர் குட்டிப் போத்தலில். மஃரிபு முடிய முற்றத்தைப் பார்த்தால் கல்யாண வீடு முடிந்த மாதிரி இருக்கிறது. கல்யாண வீட்டுக் கதையும் அதுதான். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிட்ட சமூகம் நாம். எச்சில் தட்டு ஒன்று, மிச்சச் சோறும் குறைவு. இன்று சஹனுக்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு போத்தல், ஆளுக்கொரு வட்டிலப்பக் கோப்பை, ஆளுக்கொரு கரண்டி. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஸதகா என்று ஜும்ஆவில் கேட்கிறோம். பாதையில் இடைஞ்சலைப் போடுவதற்கு என்ன பெயர் என்று மௌலவிமார் ஒரு பயானில் சொன்னால் நல்லது.

ஆகவே பள்ளி நிர்வாகத்தாரிடம் பணிவாகக் கேட்கிறோம். இந்த நோன்புக்குக் கோப்பையும் ஜக்கும் திரும்பி வரட்டும். கழுவுவதற்கு எங்கள் மேல்வகுப்பு மாணவர்கள் முறை போட்டு வருவார்கள், நாங்களும் வருவோம். வீட்டுக்குக் கஞ்சி வேண்டுமானால் சட்டி கொண்டு வரட்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் உழ்ஹிய்யா இறைச்சியை எதில் கொடுப்பது, குடலையும் கழிவையும் எங்கே எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்று இப்போதே ஓர் இடம் பார்த்து வைக்க வேண்டும். அந்த நேரம் நாய் இழுத்துக்கொண்டு போய் அயல் வீட்டு வாசலில் போடுவதைப் பார்த்துப் பிறகு வெட்கப்படுவதில் பிரயோசனம் இல்லை. கோயில் திருவிழாக்காரரிடமும், பன்சலைப் பக்கத்து அன்னதானக்காரரிடமும் இதே பேச்சைப் பேச ஆசை. அவர்கள் வீட்டு விஷயத்தை அவர்களே நன்றாகச் சொல்வார்கள். நம்முடையதை நாம் முதலில் செய்து காட்டிவிட்டுப் போகலாம்.

பாடசாலையில் எரிப்பதை நிறுத்திவிட்டோம். மூன்று குழி வெட்டியிருக்கிறோம். ஒன்றில் போட்டு மூடுவது, ஒன்று உக்கிக்கொண்டிருப்பது, ஒன்று கிளறி எடுப்பது. ஒரு அடுக்குச் சத்துணவுக் கழிவு, அதற்கு மேல் இரண்டு மடங்கு காய்ந்த இலை. மழைக்குப் பழைய படங்கு. முதல் குழி நாறியது, இலை போதவில்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. முள்ளும் எலும்பும் போடக் கூடாது என்பதைப் பன்றி வந்து கற்றுத்தந்தது. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த மண் வாசனையோடு பசளை வரும், அதைப் பிள்ளைகளுக்கே கொடுத்து அனுப்பப் போகிறோம். லயத்து முன்வாசலில் கீரைப் பாத்தி இல்லாத வீடு குறைவு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பம்பஸுக்கும் பெண் பிள்ளைகளின் நப்கினுக்கும் எங்களிடம் வழி இல்லை. பூச்சியக் கழிவு பேசும் பெரியவர்கள் பெரும்பாலும் இதைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். உக்காது, விற்க முடியாது, எரிக்கக் கூடாது. மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் பாடசாலைக்கு வராமல் இருப்பதற்கு, மாற்றியதைப் போட இடமில்லை என்பதும் ஒரு காரணம் என்று எங்கள் ஆசிரியைகள் சொல்கிறார்கள். இதைச் சபைதான் எடுக்க வேண்டும், பிரிவு 93இன்படி. ட்ரக்டர் லயத்துக்கு வர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். பிளாஸ்டிக் போத்தலை நானா எடுப்பார், தோலை மண் எடுக்கும். இதை எடுக்க வேறு யாரும் இல்லை.

அதனால் என்ன செய்யப் போகிறோம் என்றால், முதலில் கேள்வி கேட்கப் போகிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எந்தெந்தப் பாதையில் எந்தெந்த நாளில் ட்ரக்டர் போகிறது? 2018 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தோட்டப் பிரிவுக்குக் குப்பைச் சேவை தொடங்கியது? அள்ளிய குப்பை எங்கே கொட்டப்படுகிறது? இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நோக்கம் இல்லை. பதில் நல்லதாக இருந்தால் அதையும் இதே பக்கத்தில் போடுவோம். பதில் வந்த பிறகு, பிரட்டுக்களத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு நாள் என்ற கோரிக்கையோடு தவிசாளரையும் உறுப்பினர்களையும் தோட்டத்துத் துரையையும் ஒரே மேசையில் உட்காரச் சொல்லிக் கேட்போம்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிவிட்டோம். முதல் கேள்வியை அந்த மகளின் வாயால் வந்தபடியே எழுத ஆசைப்பட்டோம், அதிபர் கொஞ்சம் திருத்தினார். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்தால் வேலை சுருக்காக நடக்கும் என்கிறார்கள். எங்கள் சிங்களம் கடைச் சிங்களம். நல்ல அலுவலகச் சிங்களம் எழுதத் தெரிந்த தம்பி தங்கச்சிமார் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்திலும், ஞாயிறு காலை கொழுந்து மடுவத்தடியிலும் கையெழுத்துக்கு நிற்போம். பேனா நாங்கள் கொண்டு வருகிறோம்.